கடலில் சொல்லக் கூடாதது

மாமல்லபுரம்
11.9.74

அன்புள்ள மரகதத்துக்கு,

இங்கே நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நாம் அசதி என்பதை இங்கே பேஜாரு என்கிறார்கள். அது உருதுச் சொல் என்றார் டீக்கடை பாய். அவர்கள் பேச்சில் உடம்பு ஓய்வது மட்டுமல்லவாம், மனசே வெறுத்துக் கைவிடுவதாம். எனக்குப் பிடித்துப்போய், ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று எங்கள் மீன்வளத் துறைக்காக மீன் கணக்கெடுக்க, மீனவர் தாண்டவராயனின் கட்டுமரத்தில் கடலுக்குப் போனேன். வெயிலில் தலை சுற்றவே, "பேஜாரா கீது" என்றேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"கடல்ல அத சொல்லாத சார். எங்க அண்ணாத்த சொன்னாரு. சொல்லிட்டு துடுப்ப வுட்டாரு. அப்பால வூட்டுக்கு வரல."

திரும்பும்போது காற்று விழுந்துவிட்டது. நீரோட்டம் எங்களைக் கடலுக்குள் இழுத்தது. கடற்கரைக் கோயில் சுண்டுவிரல் அளவாகி மறைந்தே போனது. வெகுநேரம் துடுப்புப் போட்ட தாண்டவராயன், என் பக்கம் திரும்பாமலே, மெல்ல அந்தச் சொல்லைச் சொன்னார்.

அவர் கையோடு சேர்த்துத் துடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எப்படியோ கரை சேர்ந்தோம். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாரியம்மன் கோயில் திருநீறு கொஞ்சம் அனுப்பு. கையில் சுற்றிக்கொள்ள உன் பழைய சேலையில் ஒரு துண்டும் வை. ஆபீஸில் இனி தினமும் கடலுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். போன கடிதத்தில் 'ஒரே அசதியாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாயே மரகதம். இனி அப்படி எழுதாதே. வாயாலும் சொல்லாதே.

உன்
குமாரசாமி