லீவில் போன கை

ஜூன் 3

என் உம்மணாமூஞ்சிக்கு,

இந்தக் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் யார் எழுதியது என்று உறையைத் திருப்பிப் பார்த்திருப்பாய். அக்காதான். இரண்டு வருடம் மல்லுக்கட்டியதில் இடது கை இப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. போன் பண்ணினால் "வேலையா இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா?

நான் நன்றாக இருக்கிறேன். சலவைக்கூடத்தில் என்னை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. புதிதாக வரும் வண்டிக்காரர்கள் மடித்துக் குத்திய என் வலது சட்டைக்கையைப் பார்த்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். "கை லீவுல போயிருக்குங்க, வந்துடும்" என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

எனக்கு அது விளையாட்டு இல்லை என்று உனக்குத் தெரியும். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நீ என் கையைப் புதைத்துவிட்டு வந்தாயே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய் நிற்பேன். எல்லோரும் எழும்புகிற நாளில் அம்மாவும் எழும்புவாள். என் கையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இந்தாடி, எதையும் போட்டது போட்ட இடத்துலயே விட்டுட்டு வந்துடுவியே" என்று திட்டுவாள். அந்தத் திட்டு காதில் கேட்பதற்காகவே ஒவ்வொரு வாரமும் போகிறேன்.

ஆனால் அந்தக் கை வலிக்கிறது. இல்லாத கைதான். ஐந்து விரலும் இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துகிறது. திறக்க முடியவில்லை. டாக்டர் நரம்புச் சமாச்சாரம் என்று மாத்திரை எழுதினார், கேட்கவில்லை. கல்லறைத் தோட்டக்காரர் வேறு சொன்னார். "விரலு மடங்கினபடியே புதைச்சிருப்பாங்கம்மா. எடுத்து நிமிர்த்தி வெச்சா நின்னுடும்." போதகரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் எங்கேயும் சொல்லலம்மா. ஆனா உங்களுக்கு நிம்மதின்னா நானும் வந்து ஜெபம் பண்றேன்" என்றார்.

இந்நேரம் எலும்புதான் மிஞ்சியிருக்கும். அதையாவது நிமிர்த்தி வைக்கலாமே. நீயும் கூட வா. அதைக் கடைசியாகப் பார்த்தவள் நீதான்.

உன் அக்கா

----

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நீ இதைவிடக் கேவலமாக எழுதினாய்.

எனக்கு இங்கே குறையில்லை. திரைச்சீலை தைக்கும் கூடத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எல்லாம் மோட்டார் மெஷின், காலால் பெடலை அழுத்தினால் ஓடும். நம் சலவைக்கூடத்துப் பழக்கம்தான் என்னை விடவில்லை. பெடலை மிதிக்குமுன் ஒவ்வொரு தடவையும் "கை?" என்று கேட்டுவிடுகிறேன். விரிப்புத் தேய்க்கும் உருளையின் அந்தப் பக்கத்திலிருந்து நீ "வெளியே" என்பாயே, அதற்காகக் கால் தானாகக் காத்திருக்கிறது. இங்கே யார் சொல்வார்கள்? பக்கத்து மெஷின்காரி, "யாரைடி கேக்கற, பேயையா?" என்று தினமும் கிண்டல் செய்கிறாள்.

அக்கா, அந்தக் குழியைத் தோண்டாதே. மழைக்காலத்து மண், அம்மாவின் கல்லறை சரிந்துவிடும். தோட்டக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கு மந்திரக்கயிறும் கட்டச் சொல்வார். வேறு டாக்டரைப் பார். லீவு கிடைக்காததால் என்னால் வர முடியாது.

உன் தங்கை

----

ஜூன் 22

என் உம்மணாமூஞ்சிக்கு,

மழைக்காலமா? இங்கே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சாக்குச் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்.

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த விபத்துக்கு அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள். நானும் போகாதே என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கும் முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். கட்டுப் பிரித்த அன்று செத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஊக்கைப் பல்லால் போட்டுப் பழகினேன். தலை பின்ன முடியாமல் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். டப்பா மூடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கித் திறப்பேன். அது நழுவி உருண்டு ஓடும்போது தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அப்போதெல்லாம் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிக்கொள்வேன். ஆண்டவரையே மூன்று நாளைக்கு மேல் மண்ணால் வைத்திருக்க முடியவில்லை, என் ஒரு கையை மட்டும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளுமா? இதை நீ பைத்தியம் என்பாய். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து போய் மூடியைத் தேடி எடுப்பேன்.

மற்றவர்களுக்கு நம்பிக்கை வானத்தில் எங்கேயோ இருக்கிறது. எனக்கு ஒரு முழ நிலத்தில் இருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்க்கலாம். அதனால்தான் அதை வலியோடு விட்டுவைக்க மனசில்லை.

ஜூலை 5, சனிக்கிழமை காலை தோண்டப்போகிறோம்.

அக்கா

----

ஜூலை 2

அக்கா,

மூன்று தடவை போன் பண்ணினேன். நீ எடுத்து "யாரு? யாருங்க?" என்று கேட்டாய். நான்தான் அது. வாயைத் திறந்தேன், சொல்லாமலே வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்து சேருமோ தெரியவில்லை. சேர வேண்டும்.

அந்தக் குழியில் உன் கை இல்லை.

ஆபரேஷனுக்குக் கொண்டு போகும்போது நீ நர்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எங்கம்மா பக்கத்துல வெக்கணும்" என்று கெஞ்சினாய். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன். நடக்க நடக்க உள்ளே அது நகர்ந்து பெட்டியில் இடித்தது, யாரோ கதவைத் தட்டுவதுபோல. நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் மறுபடியும் தட்டியது. அந்த நடைபாதையின் கடைசிவரைகூட என்னால் போக முடியவில்லை. பின்கட்டில் ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிற ஆளிடம், "இதையும் போட்டுடுங்க" என்று கொடுத்துவிட்டேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போட்டார்.

பிறகு ஒரு தகரப்பெட்டி வாங்கினேன். என்னுடைய வேலைக் கையுறையில் மணலை நிரப்பி, விரல்களை மடக்கி, அதில் வைத்து மூடினேன். போதகர் அதற்குத்தான் ஜெபம் செய்தார். நீ இரண்டு வருடமாக அதற்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் சொன்னதில்லை. அன்று காலை நான் உன் குடையைத் தொலைத்ததற்காக நீ திட்டினாய், நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். விரிப்பு உருளையில் சிக்கியது. நீ எடுக்கக் கையை விட்டாய். உருளையைத் தாண்டி எனக்கு நீ தெரியவில்லை. "கை?" என்று கேட்டால் நான் முதலில் பேசினதாகிவிடும் என்று கேட்காமலே பெடலை மிதித்தேன். விசாரணையில் நீ, "நானே அவசரத்துல விட்டேன், அவ கேட்டா, நான்தான் வெளியேன்னு சொன்னேன்" என்றாய். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்கா, எல்லோரும் எழும்புகிற நாளை நினைத்து நீ உயிரோடு இருக்கிறாய். எனக்கு அந்த நாளை நினைத்தால்தான் பயம். நீ எழுந்து வந்து குழியில் தேடுவாய், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பாய். இங்கே தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் அந்தத் தட்டல் கேட்கிறது. நான் நின்றால் நின்றுவிடுகிறது.

தங்கை

----

ஜூலை 5, சனி மாலை

தங்கைக்கு,

பெட்டியைத் திறந்தாயிற்று. விரல்கள் மடங்கித்தான் இருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். வலி போய்விட்டது. நீ எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய். நிம்மதியாக இரு.

அக்கா

----

ஜூலை 11

அக்கா,

நம் இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். உன்னுடையதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நீ நிமிர்த்தியது என் கையுறையின் விரல்களை. மணல் கொட்டியிருக்கும். நீ அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எனக்கு இப்படி எழுதியிருக்கிறாய்.

விசாரணையில் பொய் சொல்லிக் காப்பாற்றினாய், மறுபடியுமா? இந்த நாலு வரி எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டி எழுது. தயவுசெய்து திட்டு.

தங்கை

----

ஜூலை 20

உம்மணாமூஞ்சிக்கு,

வலி போகவில்லை. அந்தக் கடிதத்தில் அது பொய். நீ ஒழுங்காகச் செய்தாய் என்றது விஷம். உன்னைக் காப்பாற்ற நினைத்து நான் எழுதினேன் என்று மட்டும் நினைக்காதே. இவள் அந்தப் பொய்யோடேயே கிடக்கட்டும், நான் சாகும்வரை இவளுக்குச் சொல்ல வாய் வருகிறதா பார்க்கிறேன் என்ற ஆத்திரத்தில் எழுதினேன். என் தங்கைக்கு அப்படி எழுத எனக்கு மனசு வந்தது. அதை நீயும் தெரிந்துகொள்.

மூடியைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டைவிரலை நிமிர்த்தினேன், மற்ற விரல்களையும் நிமிர்த்தினேன். மணிக்கட்டு ஓரத்தில் நீ நீல நூலால் போட்ட அடையாளம் தெரிந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஓடினேன். செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன். தோட்டக்காரர்தான் மறுநாள் செருப்பையும் கையுறையையும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன், ஒரு புது வண்டிக்காரர் என் சட்டைக்கையைப் பார்த்தார். லீவு என்று சொல்ல வாய் வரவில்லை. "போயிடுச்சு" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. "ஐயோ பாவம்" என்றார். இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொல்லும்படி நான் விட்டதில்லை.

அன்று சாயங்காலம் உன் கடிதம் வந்து கிடந்தது. முதலில் தேதியைத்தான் பார்த்தேன். ஜூலை 2. நான் திறப்பதற்கு முன்னாலேயே நீ சொல்லிவிட்டிருக்கிறாய். அந்தத் தேதி மட்டும் இல்லையென்றால் நான் உனக்கு மறுபடி எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு இந்த இரண்டு வாரமாக யோசிக்கிறேன். ஆண்டவரின் கல்லறைக்கு முதலில் போன அந்தப் பெண்களும், உள்ளே உடம்பு இல்லை என்றதும் பயந்துதான் ஓடினார்கள். போதகர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நல்ல செய்திக்கு எதற்கு ஓட வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. இப்போது தெரிகிறது. தேடிப் போனது அங்கே இல்லையென்றால் முதலில் கால்தான் ஓடும். மனசு பின்னால் மெதுவாகத்தான் வந்து சேரும். எனக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. நான் கைக்கு ஒரு விலாசம் எழுதி வைத்திருந்தேன், அது இல்லாவிட்டால் ஆண்டவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது என்பதுபோல. லீவில் போகிறவர்கள் எல்லாம் விலாசம் கொடுத்துவிட்டா போகிறார்கள்? கடலில் போனவர்களை அவர் கூப்பிடுவார் என்றால், ஆஸ்பத்திரிப் பின்கட்டில் புகையாய்ப் போனதையும் கூப்பிடத்தான் வேண்டும். அவர் எழுந்து வந்து தன் ஆட்களுக்குக் காட்டியதும் கையைத்தான். அதுவும் முழுசான கையையா காட்டினார்? ஆணி பாய்ந்த கை. அவருக்கு முன்னால் நான் இப்படியே போய் நின்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேற்று ஒரு வண்டிக்காரரிடம் மறுபடி லீவு என்று சொன்னேன். 

அந்த நாளில் நான் எழுந்து உன்னைப் பார்ப்பேன் என்று பயப்படுகிறாய். நிச்சயம் பார்ப்பேன். "எங்கேடி என் குடை?" என்று கேட்பேன்.

ஆனால் ஒன்று மட்டும் ஆறவில்லை. கை போனதுகூட இல்லை, எரித்ததுகூட இல்லை. அன்று நீ என்னைக் கேட்காமல் மிதித்தாய். உருளைக்கு அந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ எப்படியும் கேட்பாய், உன் கோபம் அதோடு போய்விடும் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். இரண்டு வருடமாக நீ தையல் மெஷினைக் கேட்கிறாய். அந்தக் கேள்வி என்னுடையது.

உன் கையுறையிலிருந்த மணலை உதறித் துவைத்துப் போட்டிருக்கிறேன். ஜன்னல் கொடியில் தொங்குகிறது. காற்றடித்தால் விரல்கள் அசைகின்றன. முதலில் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

உன் அக்கா

----

ஜூலை 26

அக்கா,

ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். புதுக் குடை ஒன்று வாங்கியிருக்கிறேன். அந்தத் தட்டல் இன்னும் கேட்கிறது, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்துவிடுகிறேன். மதிய இடைவேளையில் உருளைகள் நின்றிருக்கும். நீ உன் பக்கத்தில் போய் நில். நான் என் பக்கத்தில் நிற்கிறேன். பெடலைத் தொடமாட்டேன். பதிலைக் கடிதத்தில் எழுதிவிடாதே, அதை உன் குரலில் கேட்க வேண்டும்.

கை?

உன் உம்மணாமூஞ்சி