பூசையறையில் மடிந்த உயிர் உரம்

அனுப்புநர்:
பெ. காசிமாயன் (வயது 74),
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள்,
மதுரை.

பொருள்: உயிர் உரம் போலி என்று 03.11.2025 அன்று அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல். பணியாளர் நாகஜோதி மீதான விசாரணையைக் கைவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி புகாரில், எங்கள் பகுதி விரிவாக்க மையத்தின் ஒப்பந்தப் பணியாளர் நாகஜோதி வழங்கிய ரைசோபியம் என்னும் உயிர் உரப் பொட்டலங்களில் இருந்தது வெறும் கரித்தூள் என்றும், அதனால் என் உளுந்து வெளிறிப்போயிற்று என்றும் எழுதியிருந்தேன். கூடவே அவரை இகழ்ந்து ஆறு வெண்பாக்கள். அவற்றில் தளை தட்டவில்லை. உண்மை மட்டுமே தட்டியது.

2. எழுதாமல் விட்டது இது: பொட்டலங்களை நவராத்திரி ஒன்பது நாளும் பூசையறையில் அணையா விளக்கின் அருகே வைத்திருந்தேன். ஆயுத பூசையன்று மண்வெட்டிக்குச் செய்ததுபோலவே அவற்றையும் பிரித்து, மஞ்சள் நீர் தெளித்து, சூடம் காட்டினேன். மறுநாள் விதையோடு கலந்து விதைத்தேன். வெயிலும் சூடும் படாமல் வைக்குமாறு உறையிலேயே அச்சிட்டிருந்தது. பழம்பாடல்களுக்குப் பதவுரை சொல்லும் நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

3. விளக்கம் கேட்கும் குறிப்பாணையைப் பெற்ற பின்னும் நாகஜோதி என்னை வையவில்லை. வயலுக்கு வந்து செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் ஒரு முடிச்சும் இல்லை. தழைச்சத்துக்குப் பசித்த வேர் ஒருவகைச் சாற்றை மண்ணில் கசியவிடுமாம். அதை உணர்ந்து, பொட்டலத்தில் உயிரோடிருக்கவேண்டிய நுண்ணுயிர்கள் வந்து, முடிச்சு கட்டித் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஊட்டுமாம். "வேரு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு ஐயா, வர்றதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

4. அப்போது என் மனைவி தங்கப்பொண்ணு கீழ்வரப்போரத்துச் செடியொன்றைப் பிடுங்கிவந்தார். வேர் நிறைய முடிச்சு. கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, உயிரோடு வேலை செய்வதன் அடையாளம். நவராத்திரியின் இரண்டாம் நாளே பூசையறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஒளித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி, நான்கு சால் விதைத்திருக்கிறார். ஒன்று குறைந்ததை நான் அறியேன். கண்மூடித் தியானத்தில் இருந்தேன். "உசுருள்ளதப் பூசை பண்ணியே கொன்னுபுட்டு, அந்தப் புள்ள மேல எழுதிப் போட்டீகளாக்கும்?" என்று கேட்டார்.

5. என் புகாரால் நாகஜோதியின் பணி நீட்டிப்பு நிறுத்தப்பட்டு, வரும் 20ஆம் தேதி விசாரணை என அறிகிறேன். குற்றம் முழுதும் என்னுடையது. விசாரணையைக் கைவிட்டு, அவருக்குப் பணி நீட்டிப்பு வழங்கப் பணிந்து வேண்டுகிறேன். என் வெண்பாக்களைக் கிழிக்க வேண்டா. அவற்றின்மேல் 'மனுதாரர் பிழை' என்று எழுதிக் கோப்பில் வைக்கவும். அடுத்த பருவத்து உயிர் உரத்தை என் மனைவியின் கையில் மட்டுமே தர ஆணையிடவும்.

இடம்: பேரையூர்
நாள்: 18.11.2025

பிழை உணர்ந்து பணியும்,
பெ. காசிமாயன்

இணைப்பு: உளுந்துச் செடிகள் இரண்டு, வேருடன். ஒன்றில் முடிச்சு உண்டு. மற்றது நான் விதைத்தது.