பெயர் ஒட்டிய செருப்பு

ஜூன் 6, திங்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டதாக வானொலியில் அறிவித்தார்கள். ரொம்ப சந்தோஷம். துவைத்துப் போட்ட காலுறை மூன்று நாளாகக் காயவில்லை, எனக்கு அப்போதே தெரியும்.

புது வேலை ஒன்று வந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலையிலிருந்து. ஊசி, குழாய் என்று ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பெட்டி பெட்டியாக அடைத்து, வாயுவை விட்டுக் கிருமியைக் கொல்கிற ஆலை. அந்த வாயு தோலில் பட்டால் எரியுமா, அரிக்குமா என்று நாங்கள் சோதித்துச் சொல்ல வேண்டுமாம்.

கனமொரி-சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மொத்தமே நாலு பேர். அவர் தலைவர், நான் இருபது வருடமாக அவரிடம் திட்டு வாங்குகிறவள்.

"மூச்சுல போனா ஆளையே முடிச்சிடற வாயு. அது அரிக்குமான்னு கேக்கறாங்க, ஹிகுச்சி-சான்! புலி பாய வரும்போது அதோட மீசை குத்துமான்னு கேட்டா எப்படி இருக்கும்?"

"படிவத்துல ஒரு கட்டம் காலியா இருக்காம்" என்றேன்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மதியம் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே படிவத்தைப் புரட்டியபோது, கீழே 'காரணம்' என்ற இடத்தைப் பார்த்தேன். 'ஊழியர் ஒருவரின் பாதத்தில் தோல் புகார்.'

அந்த ஊழியர் யாச்சியோ. வேறு யார்.

ஜூன் 7, செவ்வாய்

யாச்சியோ விஷயத்தை எழுதி வைத்துவிடுகிறேன், மனசு கொஞ்சம் லேசாகும்.

பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இருவரும் பொதுக்குளியல் கூடத்துக்குப் போவோம். அவள் முதுகை நான் தேய்ப்பேன், என் முதுகை அவள். பிறகு ஆளுக்கொரு புட்டி காப்பிப் பால், ஊர் வம்பு. ஐந்து வாரமாக அவள் வரவில்லை.

ஏப்ரலில் விரலிடுக்கில் லேசான அரிப்பு என்று ஆலை மருத்துவர் ஒகுரியிடம் போனாள். அவர் இரண்டு கை தூரத்தில் நின்றபடியே பார்த்துவிட்டு, "சேற்றுப்புண்" என்றாராம். மறுநாள் மதியத்துக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் மாற்றிப் போட்டுக்கொள்கிற பொதுச் செருப்பு அல்லவா அங்கே? அலுவலகத்து நெஸு-சான் உடனே ஒரு ஜோடியில் சீட்டு ஒட்டி, 'யாச்சியோ' என்று அழகான கையெழுத்தில் எழுதித் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரோட நல்லதுக்கும்தான்" என்று குனிந்து வணக்கம் வேறு.

அதற்கப்புறம் கால் மோசமாகிவிட்டது. வாயுதான் காரணம் என்கிறாள் யாச்சியோ. சேற்றுப்புண்ணுக்கு வாயு மேல் ஏன் பழி என்கிறது ஆலை. இந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வாயு என்று நிரூபணமானால் அவர்களே வைத்தியம் பார்த்து வேலையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், "குணமாகும்வரை வீட்டில் ஓய்வெடுங்கள்." அந்த ஓய்விலிருந்து திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை.

கனமொரி-சானிடம் சொல்லிவிட்டேன், அவள் என் சிநேகிதி, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. "தோலுக்கு உன் சிநேகிதி யாருன்னு தெரியாது. நீயே செய்" என்று போய்விட்டார்.

ஜூன் 8, புதன்

தோல் வட்டுகள் வந்து இறங்கின. மனிதத் தோல் அணுக்களை வளர்த்துச் செய்த வட்டுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு, இளஞ்சிவப்புச் சத்துநீரில் குளித்துக்கொண்டிருக்கின்றன. குளியலுக்குப் போகிற பாக்கியம் இவற்றுக்காவது இருக்கிறது.

முன்பெல்லாம் சோதிக்க முயல்தான், செத்த முயலுக்கு ஒரு கும்பிடு போடுவோம். கனமொரி-சான் இன்னும் பழக்கம் விடாமல், வேலை முடிந்து வட்டுகளைக் குப்பைக்கு அனுப்பும்போது கை கூப்புகிறார்.

ஜூன் 9, வியாழன்

கண்ணாடிப் பெட்டியில் வட்டுகள், உள்ளே வாயு, வெளியே நான், நடுவில் உறிஞ்சு விசிறி. எரிச்சல் உண்டு என்று வரட்டும் என மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சோதிக்கிறவள் வேண்டக் கூடாது. தெரியும். வேண்டிக்கொண்டேன்.

ஜூன் 11, சனி

எல்லாம் ஊதா.

தோல் உயிரோடு இருந்தால் சாயம் பட்டதும் ஊதாவாகும், செத்திருந்தால் வெளுப்பாகவே இருக்கும். ஒன்று கூட வெளுக்கவில்லை. கத்தரிக்காய்க் கடை மாதிரி ஊதாவாக ஜொலிக்கின்றன, பாழாய்ப் போனவை.

சாயங்காலம் யாச்சியோ வீட்டுக்குப் போனேன். கதவை ஒரு சாண் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே தடித்த காலுறை.

"குளிக்க வாடி."

"போடி. எல்லாரும் என் காலையே பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும்."

"உனக்கென்ன, உன் கால் நல்லாருக்கு." கதவைச் சாத்தப் போனவள் கேட்டாள். "சோதனை என்னாச்சு, சுமியே?"

இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஊதா ஊதாவாகப் பதினெட்டு எண்கள் என் பையிலேயே இருந்தன.

ஜூன் 13, திங்கள்

"முத்திரை வை" என்றார் கனமொரி-சான். 'வாயு தோலில் எரிச்சல் உண்டாக்காது.' ஒரே வரி. உண்மையான வரி. என் பெயர் முத்திரையை வைத்தால் யாச்சியோவின் கதை முடிந்தது.

ஆலையில் வாயு எப்படிப் புழங்குகிறது என்று நேரில் பார்க்காமல் வைக்க மாட்டேன் என்றேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதன்கிழமை போய்ட்டு வா. குடை எடுத்துக்கோ."

ஜூன் 15, புதன்

இன்றைக்கு நான் பண்ணிய காரியம்!

ஆலைக்கு யாரோ பார்வையாளர் கூட்டம் வந்திருந்தது, வாசல் அலமாரியில் ஒரு செருப்பு கூட மிச்சமில்லை. அஞ்சு நிமிஷம் பொறுங்க என்றாள் நெஸு-சான். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். காற்றாட வைக்கும் அறை. வாயு பட்ட பெட்டிகளில் மிஞ்சின வாயு வெளியேறுவதற்காக ஒரு வாரம் அடுக்கி வைக்கிறார்களே, அந்த அறை. மூலையில், கடைசி அடுக்குக்குக் கீழே, ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அழகான கையெழுத்து.

"இதோ இருக்கே."

"ஐயையோ, அது வேணாம்! அது யாச்சியோ-சானோடது, இன்னிக்கு அவங்க லீவு. அந்த மூலைக்கு யாரும் போறதில்ல, அதான் அங்க ஒதுக்கி வெச்சிருக்கோம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. காலுறையோடு நாலு எட்டு வைத்துப் போய், நானே எடுத்து, எல்லாரும் பார்க்க மாட்டிக்கொண்டேன். "அவ செருப்பைப் போட எனக்கென்ன பயம்?" என்று சத்தமாக வேறு சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆலை முழுக்க அதோடு சுற்றினேன், தேவையில்லாமல் கொஞ்சம் டக்டக்கென்று நடந்து. நெஸு-சான் ஆறடி தள்ளியே வந்தாள்.

கசிவு காட்டும் கருவியில் எங்கும் பச்சை விளக்கு. வாயு ஒழுங்காகத்தான் புழங்குகிறது. போன காரியம் பூஜ்யம். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, வியாழன்

கால் அரிக்கிறது.

ஜூன் 17, வெள்ளி

அரிக்குது, எரியுது, சிவந்திருக்கு. ஐயோ கடவுளே, ஒட்டிக்கிச்சு!

நான் என்னத்துக்கு அந்தச் செருப்பைப் போட்டேன்? வீராங்கனையா நான்? நெஸு-சான் சொன்னாளே, வேணாம் வேணாம்னு. ஒகுரி சொன்னது சரிதான் போல. யாச்சியோவும் ஒழுங்கா மருந்து போட்டிருக்கலாம்ல, வாயு வாயுன்னு ஊரைக் கூட்டாம.

தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டேஷன் பக்கத்துக் கடை வரை போய்ச் சேற்றுப்புண் களிம்பு வாங்கினேன். "வீட்டுக்காரருக்கு" என்றேன். எனக்கு ஏது வீட்டுக்காரர்.

ஜூன் 18, சனி

குளியலுக்குப் போகவில்லை. எல்லாரும் என் காலைத்தானே பார்ப்பார்கள்.

இந்த வார்த்தையை எழுதிய பிறகுதான் இதை யார் சொன்னது என்று நினைவு வந்தது. வெட்கமாகிவிட்டது. களிம்புப் புட்டியோடு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இருபது வருடம் தோலைப் பார்த்தே சம்பாதித்தவள், முதல் தடவையாக என் காலை ஒழுங்காகப் பார்த்தேன்.

விரலிடுக்கெல்லாம் சுத்தம். மேல்பாதத்தில் மட்டும் இரண்டு சிவப்புப் பட்டை, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, பெருக்கல் குறி மாதிரி. ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். மற்ற இடம் வெள்ளை வெளேர். பூஞ்சை எங்கேயாவது அளவுகோல் வைத்து வளருமா? அதுவும் ஒரே நாளில்? இது செருப்பின் குறுக்கு வார் போன வழி!

முட்டாள் சுமியே. வாயு காற்றில் இருந்தால் தோலைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ரப்பருக்குள் ஊறினால்? அந்தச் செருப்பு இரண்டு மாதமாக அந்த மூலையில் அவள் காலில் இல்லாத நேரமெல்லாம் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை ஈரக் காலில் மாட்டி எட்டு மணி நேரம் நின்றால்?

தொலைபேசியில் கூப்பிட்டேன். "யாச்சியோ, உன் கால்ல பெருக்கல் குறி இருக்கா?"



"உனக்கெப்படிடி தெரியும்?"

செருப்பைப் போட்டதைச் சொன்னேன். களிம்பைச் சொல்லவில்லை. ஏப்ரலில் அவளுக்கு வந்தது நிஜமாகவே சேற்றுப்புண்தானோ என்னவோ. பதினைந்து நாளில் போயிருக்கும். ஒதுக்கி வைத்து ஒதுக்கி வைத்தே காலைப் பொசுக்கிவிட்டார்கள்.

ஜூன் 20, திங்கள்

கனமொரி-சான் மேசை மேல் என் காலை வைத்துக் காட்டினேன். அவருடைய தேநீர்க் கோப்பையை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

"அவங்க கேட்டது வாயுவைப் பத்தி. செருப்பைப் பத்தி இல்ல."

"தெரியும்."

"புதன்கிழமை வேற ஒருத்தரோட முகக்களிம்புக்கு வட்டு வருது. அதுல ஆறு உபரி. மீந்ததை நான் எண்ணிப் பாக்கறதில்ல."

சாயங்காலம் ஆலைக்கு ஓடினேன். நெஸு-சான் செருப்பை இடுக்கியால் பிடித்து, கையை முழுசாக நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு என் காற்றுப்புகா டப்பாவில் போட்டாள். "எதுக்கு இது?" என்று கேட்டாள். சோதிக்க என்றேன். "சேற்றுப்புண்ணையா?" என்றாள். பாவம், நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.

ஜூன் 23, வியாழன்

வாரிலிருந்து வெட்டிய சின்னத் துண்டுகள் மூன்று வட்டுகள் மேல். ஆலைக்குச் செருப்பு தருகிற கடையிலேயே வாங்கிய புதுச் செருப்பின் துண்டுகள் மற்ற மூன்றின் மேல். எது எது என்று தெரியாமலிருக்க எண்களைக் கனமொரி-சான் மாற்றி வைத்துவிட்டார். இந்தத் தடவை வேண்டிக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது.

ஜூன் 25, சனி

மூன்று ஊதா. மூன்று வெளுப்பு.

கனமொரி-சான் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வெளுத்த மூன்றும் யாச்சியோவின் செருப்பு. வாய்விட்டு அழுதுவிட்டேன், நாற்பத்தாறு வயதில், ஆய்வகக் கோட்டோடு. அவர் வட்டுகளுக்குக் கை கூப்பினார். கொஞ்சம் யோசித்து, செருப்புக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஜூன் 27, திங்கள்

அறிக்கையில் இப்போது இரண்டு வரி. 'வாயு தனித்து: எரிச்சல் இல்லை. வாயு ஊறிய ரப்பர்: கடும் எரிச்சல்.' கீழே என் முத்திரை, பக்கத்தில் அவருடையது.

ஆலை மேலாளர் தொலைபேசியில் குதித்தார், கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்லச் சொன்னது என்று. கனமொரி-சான் பதவிசாகச் சொன்னார், "ஒரு கட்டம் காலியா இருக்குன்னீங்க. நிரப்பினோம். கொஞ்சம் வழிஞ்சிடுச்சு."

ஜூலை 1, வெள்ளி

யாச்சியோ வேலைக்குப் போனாள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. வேறு நல்ல தோல் மருத்துவரிடம் ஆலையே அனுப்புகிறது. செருப்பெல்லாம் இனி வெளி வாசலில்.

ஜூலை 23, சனி

மழைக்காலம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

யாச்சியோ குளிக்க வந்தாள். பெருக்கல் குறி வெளிறிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. மனசு கேட்காமல், முதுகு தேய்த்துக்கொண்டே களிம்பு விஷயத்தைச் சொன்னேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், திட்டக்கூட செய்தேன் என்று.

"தெரியும்டி" என்றாள் திரும்பாமலே. "ஸ்டேஷன் கடைக்காரி அன்னிக்கே சொல்லிட்டா. உனக்கு வீட்டுக்காரர் வந்துட்டார்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

சிரித்துச் சிரித்து எனக்குச் சோப்பு நழுவிவிட்டது. குனிந்து தேடினால், நீராவிக்குள் யாரோ நிற்கிறார்கள். நெஸு-சான். இந்தக் கூடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் துண்டு, முகம் தக்காளி மாதிரி. என் கையிலிருந்து தேய்ப்புத் துணியை வாங்கிக்கொண்டு, யாச்சியோவுக்குப் பின்னால் மண்டியிட்டு, கண்ணாடிச் சாமானைத் துடைக்கிற மாதிரி மெல்ல மெல்ல முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

யாச்சியோ கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நல்லா அழுத்தித் தேயுங்க, நெஸு-சான். ஒட்டிக்காது."

நெஸு-சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுத்தித் தேய்த்தாள். காப்பிப் பால் இன்றைக்கு மூன்று புட்டி.