அம்மாவின் கணக்கிலிருந்து

செப்டம்பர் 2, செவ்வாய்

கணிதப் பாடக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதை யாரும் புரட்ட மாட்டார்கள். கணிதத்தையே யாரும் புரட்டுவதில்லை.

இன்றும் பாடசாலை விட்டு வந்ததும் சோற்றுக்கு முன்பே அண்ணாவின் பழைய போனைத்தான் எடுத்தேன். ஸ்ரான்லி அண்ணா இரத்மலானையில் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஏழரைக்கே வாசலில் போனை வாங்கி லொக்கரில் பூட்டிவிடுவார்கள். நாலரைக்குத்தான் திருப்பிக் கிடைக்கும். அதனால் பகலில் அவனுடைய கிரிப்டோ வியாபாரத்துக்கு நான்தான் ஆள். அம்மாவுக்கு இது தெரியாது. தன் வங்கிக் கணக்கை வைத்து மகன் ஒன்லைனில் ஏதோ செய்கிறான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இதே வியாபாரத்துக்காக அண்ணாவின் சொந்தக் கணக்கைப் போன வருடமே வங்கி மூடிவிட்டது. அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

வேலை சுலபம். வாங்க ஒருவர் வந்தால் எங்கள் டிஜிட்டல் டொலரைச் செயலி பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் அம்மாவின் கணக்கில் ரூபாய் போடுவார். பணம் வந்துவிட்டதா, அனுப்பியவரின் பெயரும் செயலியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து, 'ரிலீஸ்' பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினால் டொலர் போய்விடும். திரும்பி வராது.

"பேர் ஒண்டாத்தான் இருக்கோணும் ரொஷேல். சேர்ச் ஃபாதர் வந்து கேட்டாலும் அமத்தாத."

"ஃபாதருக்கு என்னத்துக்கு டொலர்?"

"அதான். அவர் கேட்டா இன்னும் கூடச் சந்தேகப்படு."

செப்டம்பர் 4, வியாழன்

யோகராஜ் என்பவர் மூன்றாவது தடவையாக வாங்கினார், இருபதாயிரத்துக்கு. 98 வீதம் நல்ல மதிப்பீடு. ஒவ்வொரு முறையும் 'தேங்ஸ் பிரதர்' என்று எழுதுகிறார். நான் பிரதர் இல்லை என்று சொல்லவா முடியும்?

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதினால் நெஞ்சு இடிப்பது குறையுமா பார்ப்போம்.

2.35க்கு யோகராஜ். இந்த முறை ஆயிரம் டொலர். அண்ணாவின் முதலீடு முழுவதும் அதுதான். வங்கியில் பார்த்தேன், மூன்று இலட்சத்து ஐயாயிரம் ரூபாய் வந்திருந்தது. ஆனால் அனுப்பியவர் பெயர் பாக்கியலெட்சுமி.

ஏன் பெயர் வேறு என்று கேட்டேன். 'அம்மாட எக்கவுண்ட் பிரதர். என்டது லிமிட் முடிஞ்சிட்டு' என்று பதில் வந்தது.

திரையின் கீழே, அமத்துவதற்கு மிச்சமிருந்த நேரம் குறைந்துகொண்டிருந்தது. ஒன்பது நிமிடம், ஏழு நிமிடம். அண்ணாவை எப்படிக் கேட்பது? போன் லொக்கரில். 'சல்லி வந்து சேந்துட்டுதானே, ஏன் இழுக்கிறீங்க? கொம்ப்ளெய்ன் போடவா?' என்று எழுதினார். கொம்ப்ளெய்ன் போட்டால் அண்ணாவின் மதிப்பீடு விழுந்துவிடும்.

அம்மாவின் கணக்கு என்றால் அதில் என்ன பிழை? எங்கள் வீட்டிலும் எல்லாம் அம்மாவின் கணக்குத்தானே. நாங்களும் அதைத்தானே செய்கிறோம். அப்படித்தான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அமத்திவிட்டேன்.

இரவு அண்ணா கேட்டான், "ஆயிரமா! பேர் பாத்தனீதானே?"

"ஓம். பாத்தனான்."

பார்த்தது உண்மைதானே.

செப்டம்பர் 10, புதன்

யோகராஜின் கணக்கு செயலியில் இல்லை. தேடினால் வெறுமை.

செப்டம்பர் 15, திங்கள்

மாசக் கடைசியில் வந்த சம்பளத்தில் மிச்சம் எடுக்க அம்மா போனாள். இயந்திரம் கார்ட்டைத் துப்பிவிட்டது. உள்ளே போய்க் கேட்டால், கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது என்றார்களாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். புறக்கோட்டைப் புடைவைக் கடையில் பதினொரு வருடம் காசு மேசையில் இருப்பவள் அம்மா. ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

"ஸ்ரான்லி, என்ட பேர வச்சு என்னடா செஞ்ச?"

அண்ணா வங்கி விபரத்தைத் திறந்தான். அந்தப் பெயரில் அவன் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தான். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

பொலிஸ் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறது: பாக்கியலெட்சுமி உண்மையான ஆள். வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறாராம். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பார்சல் மாட்டிக்கொண்டது, காசு கட்டினால்தான் விடுவோம் என்று யாரோ போன் எடுத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' கொடுத்த கணக்கு இலக்கம்தான் எங்கள் அம்மாவுடையது. அவர் எங்களுக்குக் காசு போட, நான் அவனுக்கு டொலரை விட்டிருக்கிறேன்.

யோகராஜின் அம்மா இல்லை அது. யாருடைய அம்மாவோ.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அண்ணா சொன்னான், "வெள்ளிக்கிழமை பொலிசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான்தான் ரிலீஸ் பண்ணினனான் எண்டு சொல்லப்போறன். நீ வாயத் திறக்காத."

"நான் பேர் சரி எண்டு உனக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும். பதினஞ்சு வயசுப் பிள்ளையிட்ட இதைக் குடுத்தவன் நான். விடு."

ஒரு தடவை திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

போய்விட்டு வந்துவிட்டார்கள். அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

அண்ணா சொன்னபடியே சொன்னானாம். விசாரித்த பெண் அதிகாரி சிங்களத்தில் கேட்டாராம்: ரிலீஸ் அமத்திய 2.44க்கு நீ எங்கே இருந்தாய்? வேலையில். போன்? கையில். தொழிற்சாலையில் போனுக்கு அனுமதி உண்டா? அண்ணா தலையைக் குனிந்தானாம். திங்கட்கிழமை தொழிற்சாலையின் லொக்கர் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறோம், அதற்குள் உண்மை சொல்ல விருப்பம் என்றால் வா என்றாராம்.

"நீ இல்லாட்டி வேற யார்ரா? ஆரக் காப்பாத்துற? அந்தக் களவாணியையா?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயம்.

அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் களவுக்குக் கூட்டாளி என்று நினைக்கிறார்கள். திங்கட்கிழமை உள்ளே வைத்துவிடுவார்களா? நான் சொன்னால் என்னை என்ன செய்வார்கள்? பாடசாலைக்குத் தெரிந்தால்? அதிபர் மதர் கூப்பிட்டால்? என்னைப் பற்றியேதான் யோசிக்கிறேன். சீ.

செப்டம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா அண்ணாவின் வேலைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். "அமத்தினது நான்" என்றேன். விளங்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன், லொக்கர், பழைய போன், பெயர், ஒன்பது நிமிடம், எல்லாம். அம்மா அயனை நிமிர்த்தி வைத்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேற பேர் எண்டு கண்டனீதானே. கண்டிட்டும் ஏன்டி?"

"அவனும் அம்மாட எக்கவுண்ட் எண்டான்… நாங்களும் உங்கட எக்கவுண்ட்டத்தானே…"

அம்மா அயனின் பிளக்கைக் கழற்றினாள். பிறகு, "என்ட பேரக் குடுத்தது நான்தான்" என்றாள். அது எனக்குச் சொன்னது போல இல்லை.

யோகராஜுடனான உரையாடலை நான் அழிக்கவில்லை. பழைய போனில் அப்படியே இருக்கிறது. அதை அம்மா தன் ஹேண்ட்பேக்கில் வைத்து ஸிப்பை இழுத்து மூடினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

பொலிஸ் நிலையத்தில் உட்கார ஒரு நீள மர வாங்கு. அம்மாவும் அண்ணாவும் உள்ளே போக, என்னைக் கூப்பிடும்வரை இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு அன்ரி, பருத்திச் சேலை, மடியில் ஒரு ஃபைல். என் யூனிஃபோமைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உங்களையும் ஏமாத்திப்போட்டாங்களோ?"

ஃபைலின் மேலே பெயர் எழுதியிருந்தது. நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். இல்லை என்று தலையாட்டினேனா, ஓம் என்றா, எனக்கே தெரியாது. அவர் தன் பையிலிருந்து ஒரு இனிப்பு டொபி எடுத்துத் தந்தார். வாங்கிவிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

உள்ளே அம்மா பக்கத்தில் இருக்க, எல்லாம் சொன்னேன். நான் அழுதபோது அதிகாரி பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். போனை எடுத்துக்கொண்டார்கள். அண்ணாவுக்குப் பொய் வாக்குமூலத்துக்காக நல்ல ஏச்சு. நீதிமன்றத் தவணைக்கு வர வேண்டும், ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

வெளியே வந்தபோது, நாங்கள் யார் என்று அன்ரிக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு துண்டில் என் பெயரையும் தன் போன் இலக்கத்தையும் எழுதி, "கோர்ட்டுக்குப் போக்குவரத்துக்கு ஏதும் உதவி எண்டா போன் எடுங்க" என்று அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

அண்ணா செயலியை அழித்துவிட்டான். ஆயிரம் டொலரும் போனதுதான். யோகராஜ் செயலியில் காட்டிய அடையாள அட்டையின் உண்மையான சொந்தக்காரர் ஓட்டோ ஓட்டுகிறவராம், அவருக்கு ஒன்றுமே தெரியாதாம்.

போன் மணி கேட்டாலே வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

நவம்பர் 15, சனி

போன கிழமை நீதிமன்றம், அம்மாவின் கணக்கில் இருந்த மூன்று இலட்சத்து ஐயாயிரத்தை அன்ரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டது. அம்மாவின் சம்பளமும் விடுபட்டது. அன்ரி இதைவிட இன்னும் ஐந்து இலட்சம் வேறு கணக்குகளுக்குப் போட்டிருக்கிறார். அது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இன்று பதினொரு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். அம்மா குளியலறையில். எடுத்தேன்.

"ரொஷேல் பிள்ளை நிக்கிறாவோ?"

வாங்கில் டொபி தந்த அன்ரியின் குரல். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான்தான் அன்ரி."

"பிள்ளை, ஒருத்தர் எடுத்திருக்கிறார். மிச்சக் காசையும் எடுத்துத் தரலாமாம். பாங்கில இருந்து போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லட்டாம். மற்றப் போனில நிக்கிறார். சொல்லலாமோ?"

"சொல்லாதீங்க. அதை வைங்க அன்ரி. இப்பவே வைங்க."

"நல்ல மரியாதையாக் கதைக்கிறார், பிள்ளை."

"என்ன ஏமாத்தினவனும் மரியாதையாத்தான் கதைச்சவன்."

ஏதோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வச்சிட்டன்" என்றார்.

வெள்ளவத்தை வீதியில் ஓடும் பஸ் சத்தம் மட்டும் அவர் பக்கத்திலிருந்து வந்தது. இந்தப் போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.