நாட்டுக்கோழி முட்டை ஒன்றும் செய்யாதாம்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் புழுதி. இவருடைய வெள்ளைச் சட்டை இப்போது காக்கிச் சட்டை. மறுபடி அலசணும். வாங்க வேண்டியது: உளுந்து, துணி கிளிப், தர்ஷனின் அலர்ஜி மருந்து. பாட்டிலில் அடிமட்டம்தான் இருக்கிறது.

தர்ஷனின் அங்கன்வாடி திறந்தாச்சு. இன்று முட்டை போடும் நாள். டீச்சர் வேறு புதுசு, ஆக முதலிலிருந்து பாடம்.

"முட்டை ஆகாதா? சரிம்மா, மஞ்சக்கருவ எடுத்துட்டு வெள்ளைய மட்டும் குடுக்கேன்."

வெள்ளைதான் டீச்சர் மோசம், என்றேன்.

"கோழிக்கறி திம்பானா?"

திம்பான்.

"கோழி ஒத்துக்கிடும், முட்டை ஒத்துக்கிடாதா? ஆத்தா ஆகும், புள்ள ஆகாதுன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு!" பக்கத்தில் நின்ற அம்மாக்கள் எல்லாம் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷக் கதையை அங்கேயே நின்று சொன்னேன். எதிர்வீட்டுப் பிறந்தநாள், விரல் நீளம் கேக். சற்று நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடித்தது. இவருடைய லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திருநெல்வேலி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: துளி முட்டை கூடாது, மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் நிற்கக் கூடாது. வளர வளரத் தானாகவே போகலாம், வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

நாலு வயசாகியும் வலது கட்டைவிரலைச் சூப்புகிறான். தொட்டது எல்லாம் நேரே வாய்க்கு. அவன் கையைத் துடைப்பதே எனக்கு முழுநேர வேலை, ஜவுளிக்கடை பில் கவுண்டர் பகுதிநேரம்.

டீச்சர் கடைசியில் "பாத்துக்கிடுதேன்" என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

ஜூன் 11, புதன்

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

கடையில் சுகன்யாவுக்குப் பிறந்தநாள். கேக்கைத் தொடவில்லை. தொட்டால் கழுவணும், கிரீம் சேலையில் பட்டால் வீடு வரைக்கும் பயம். "நீ ரொம்பத்தான் பண்ணுத செல்வி" என்றாள். பண்ணுகிறேன்தான். இவள் பிள்ளையா மூச்சுக்குத் திணறியது?

கேக், பன், பேக்கரி பிஸ்கட், பரோட்டா (மாவிலேயே உடைத்து ஊற்றும் மாஸ்டர்கள் உண்டு) எதுவும் கிடையாது. மிச்சம் கடலை மிட்டாய். கடம்பூர்ப் பக்கம் லோடு போனால் இவர் போளி வாங்கி வருவார். அந்த மட்டும் கடலை மிட்டாய்க்குப் பேர்போன இந்த ஊரில் பிறந்தானே.

சாயங்காலம் மதினி போன். இவருடைய அக்கா. கழுகுமலை போகிற வழியில் கிராமம், ஆடும் கோழியுமாக இருக்கிறவர். கருத்த கோழி முட்டையிடத் தொடங்கிவிட்டதாம், ஒன்றைக்கூட விற்காமல் தர்ஷனுக்காக எடுத்து வைக்கிறாராம்.

"கடை முட்டைக்குத்தான் ஊசி போடுதான், மருந்து வைக்கான். நாட்டுக்கோழி முட்டை ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா உடம்பு பழகிரும்லா?"

முட்டை முட்டைதான் மதினி, என்றேன். எத்தனையாவது தடவையோ.

"எங்க தம்பிய எல்லாம் இந்த முட்டையக் குடுத்துத்தான் வளத்தோம்."

போனை வைத்துவிட்டேன். அவர் உடனே இவருக்குப் போட்டார். இவர் வீட்டுக்கு வந்ததும், "அக்கா பாசத்துல சொல்லுதா. நீ எதுக்கு வெடுக்குனு பேசுத?" பாசம் தொண்டைக்குள் போய் வீங்கினால் யார் பொறுப்பு என்று கேட்டேன். இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

மருந்து வாங்கியாச்சு. மதினி ஊருக்கு வந்திருக்கிறோம். இவருக்கு இந்தப் பக்கம் லோடு, எனக்கு லீவு. வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு சண்டை.

தர்ஷன் சாப்பாட்டுக்கு என் குக்கரையும் கரண்டியையும் கொண்டு வந்தேன். பையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் மதினி முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க வீட்டுச் சட்டியில வெசமா வச்சிருக்கு?"

காலையில் அதில்தான் முட்டை அவிச்சீங்க, என்றேன்.

"கழுவிட்டம்லா."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நீங்க அவன் கையில எதையும் குடுக்காதீங்க மதினி. தண்ணியக்கூட நான் குடுத்துக்கிடுதேன்." சொல்லியே விட்டேன். ஆட்டுக்குக் குழை, தழை கட்டப் போன மதினி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் கெட்டவள். அலுத்துவிட்டது.

சாயங்காலம் தர்ஷன் கோழியை விரட்டிக்கொண்டு பின்னால் புஞ்சைக்காட்டுக்கு ஓடினான். கரிசல் வாய் பிளந்து கிடக்கிறது. வெடிப்பில் கால் மாட்டி, கையை ஊன்றி விழுந்தான். வலது மணிக்கட்டு. ராத்திரி முழுக்க அனத்தல்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதணும்.

காலையில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுப்போம் என்றேன். "ஞாயித்துக்கிழம எங்கன எடுக்க? கழுகுமலைப் பக்கம் கட்டுப்போடுதவர் இருக்காரு. எனக்கே அங்கனதான் கட்டுனாக" என்றார் இவர். நானும் சரி என்றேன். எனக்கும் சின்னதில் கால் பிசகிக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டின் வாடைகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் உறைக்கவில்லை.

யாரும் கூப்பிடாமலே மதினியும் ஏறிக்கொண்டார். என்னோடு பேச்சில்லை.

கட்டுப்போடுகிறவர் அமுக்கிப் பார்த்தார். ஒடியவில்லை, பிசகல்தான் என்றார். தர்ஷன் ஊரைக் கூட்டினான். நான் அவனை மடியில் இறுக்கி, முகத்தைத் திருப்பி, போனில் பொம்மைப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். இவர் அவன் காலைப் பிடித்திருந்தார். மூங்கில் பத்தை, துணி, கிண்ணத்தில் உளுந்து மாவு, இவ்வளவும் கண்ணில் பட்டது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! என்னது அது?"

மதினி சத்தம். திரும்பினால், மாவில் எதையோ ஊற்றிக் குழைத்துத் தடவிய துணி அவன் கைக்கு மேலே. மதினி அவர் கையைப் பிடித்திருந்தார்.

"முட்டை வெள்ளைக்கரும்மா. அதான காஞ்சா கல்லு மாதிரிப் பிடிக்கும்."

"புள்ளைக்கு முட்டை ஆகாது. தொட்ட கையக்கூடக் கழுவணும்."

"வாயிலயா ஊத்துதேன்? கையிலதான் கட்டுதேன்."

"அவன் வெரல் சூப்புத பய, அண்ணாச்சி! கை எங்கன போவும்? வாய்க்குத்தான் போவும். வேண்டாம். கையக் கழுவிட்டு வேற துணி எடுங்க."

வேறு மாவைக் கஞ்சியில் குழைத்துக் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான். பக்கத்தில் இருந்தவர்கள் மதினியை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷமாகத் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றுக்கும் காவல் இருந்தவள், இன்று அவன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டு அப்படியே காய்ந்து, ஒரு வாரம் அவன் சூப்பச் சூப்ப உதடு வீங்கியிருக்கும்; கேக் குடுத்த வீடு எது, பிஸ்கட் குடுத்தது யார் என்று நான் தேடியிருப்பேன். முதலில் மதினியைத்தான் கேட்டிருப்பேன். நினைக்க நினைக்க என் மேல்தான் ஆத்திரம்.

வண்டியில் வரும்போது, "மதினி..." என்றேன்.

"நீ நித்தம் போன்ல கத்துததத்தான் நானும் கத்துனேன்" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆனா நாட்டுக்கோழி முட்டை ஒண்ணும் செய்யாதுன்னுதான் இன்னும் நெனைக்கேன்."

எரிச்சல் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜூன் 16, திங்கள்

காற்று. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டோடு அங்கன்வாடியில் விட்டேன். "கையில என்னம்மா? நல்லா முட்டை குடுத்தா எலும்பு உறுதியாவும்லா?" என்கிறார் டீச்சர். இன்று முட்டை நாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி முதலிலிருந்து பாடம்.

மத்தியானம் கடையில் இருக்கும்போது மதினி போன்.

"செல்வி, அவனுக்குக் கோழிக்கறி ஆகும்லா?"

ஆகும் மதினி.

"அப்ப அந்தக் கருத்த கோழிய அடிச்சுரலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழம கொழம்பு வச்சு எடுத்துட்டு வாரேன்."

இப்போதுதானே முட்டையிடத் தொடங்கியது, எதற்கு மதினி, என்றேன்.

"இருக்கட்டும். முட்டைய இனி யாருக்குன்னு எடுத்து வைக்க?" போனுக்குள் காற்று இரைந்தது. பிறகு, "சட்டி புதுசுதான் வாங்கியிருக்கேன். அதுல வேற எதையும் வைக்கல."