சூடானால் முனகும் கார்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஷாஃபிக்கு லாத்தா லதீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், உன் கார் உட்பட.

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து பேட்டரியைப் பார் என்பாய். அதனால்தான் எழுதி, மஸ்கட் திரும்பும் உன் அறைத்தோழன் ஆஸிமிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படி.

நீ ஆசைப்பட்டு வாங்கி என் வாசலில் விட்டுப்போன அந்தக் கிழட்டுக் கார் காலையில் சாவியைத் திருகியதும் கிளம்பிவிடும். கொஞ்சம் ஓடிச் சூடான பிறகு அணைத்தால் போச்சு. இஞ்சினைச் சுற்ற மாட்டாமல் ஸ்டார்ட்டர் முனகும். நீ சொன்னாயென்று பேட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பழுது பார்த்தேன். வேறு ஆயிலும் ஊற்றினேன். முனகல் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை உன் மனைவி நௌரினை இடக்கொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது மருந்துக்கடை முன்னால் நிறுத்தினேன். அவ்வளவுதான், மறுபடி கிளம்பவில்லை. பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் ஒரே ஹார்ன். "இத்தா, இதத் தூக்கிக் காயல்ல இட்டூடே?" என்று, காரைக் கழியில் தூக்கிப் போடச் சொல்லி ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். எட்டு மாத வயிற்றோடு, வீங்கிய காலோடு, நௌரின் வெயிலில் நின்றாள்.

உனக்குப் போன் போட்டேன். ஸ்டார்ட்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாய். என் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளே பானெட்டைத் திறந்து, என்னைச் சாவி திருகச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "லாத்தா, ஈ ஒரு வயர் மட்டும் கையப் பொள்ளுது" என்றாள். பேட்டரியிலிருந்து இஞ்சினுக்குப் போகும் எர்த் வயர்தான் அப்படிச் சுட்டது. மெக்கானிக் ஆனந்தகுமார் வந்து, அதற்குப் பதிலாக வேறொரு தடித்த வயரைப் பிடித்தார். அதே சூட்டில் இஞ்சின் துள்ளிக் கிளம்பியது. பழைய வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று தின்றிருக்கிறது. கரண்ட் போக வழியில்லை, சூடு ஏற ஏற இன்னும் மோசமாகியிருக்கிறது என்றார்.

வீடு திரும்பும் வழியில் நௌரின், "கார் சரியாயிருச்சின்னு அவங்ககிட்ட சொல்லிருங்க லாத்தா" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சொல்லிவிட்டேன். இனி காரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதே. அவளுக்கு இரத்தக் கொதிப்பு கூடியிருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே பிரசவம் ஆகலாம் என்கிறார் டாக்டர். லீவு கேள். கிடைக்கும்வரை தினமும் போன் செய், எனக்கல்ல, அவளுக்கு.

அல்லாஹ் உன்னைச் சுகமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் பயந்துபோயிருக்கிறாள், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வந்துவிடு தம்பி.

உன் லாத்தா,
லதீஃபா