உப்பளத்து அம்மன்

அன்புள்ள அத்தான்,

போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்குச் சளி குறைந்துவிட்டது. இங்கே வேறொன்றும் விசேஷமில்லை.

சாமியை வைத்துச் சம்பாதிப்பவர்களைப் பற்றிய உங்கள் படத்துக்காக ஆறுமுகநேரி உப்பளத்தில் தெர்மாகோலில் ஒரு அம்மன் செய்தோமே, படப்பிடிப்பு முடிந்ததும் அதைப் பிரிக்காமல் விட்டது நம் தப்பு. இப்போது அங்கே கொட்டகை, உண்டியல், சிறப்பு தரிசனச் சீட்டு எல்லாம் வந்துவிட்டன.

சீட்டு கொடுக்கும் சுடலைக்கண்ணு அண்ணாச்சி நேற்று நாலு பேரோடு நம் வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, சுயம்பா வந்த அம்மன ஒம் மாப்பிள்ள தெர்மாகோல்னு படத்துல காட்டுதானாமே? ஊருக்குள்ள வரட்டும், பாத்துக்கிடுதோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போன பிறகு தாழ்ப்பாளைப் போட்டு, கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையையும் இழுத்து வைத்தேன்.

படத்தை மாற்றச் சொல்லவில்லை. வாராவாரம் வருவதுபோல் இந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்கு வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கோபப்படக் கூடாது. இன்று காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். என் கண்மையால் நானே வரைந்த அந்தக் கண்களைப் பார்த்து, "அவரைக் காப்பாத்து தாயே" என்று அழுது கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முதல்முறையாக உங்களை வர வேண்டாம் என்று எழுதும்,
உங்கள் வீட்டுக்காரி.